மருத்துவரிடம் மறைப்பது எந்த மானத்தைக் காக்கும்?



தயம்முமுடைய பாடத்தை நடத்தும்போதெல்லாம் நாம் மாணவர்களுக்கு ஒரு நபிமொழியைச் சற்று விரிவாகவே விளக்குவது வழக்கம். அபூதாவூத் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ள செய்தி அது. பயணம் ஒன்றில் ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. அதே நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் அவர் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபம் கொண்டார்கள். தெரியாத நிலையில் அவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

இதை ஃபிக்ஹுச் சட்டமாக மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆயின் அந்தத் தோழர்கள் தீய எண்ணத்தோடு எதையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொருந்துகிற சட்டத்தைத்தான் சொன்னார்கள். அவர் எல்லோரையும் போன்ற நிலையில் இல்லை என்பதே அவர்கள் கவனிக்கத் தவறியது. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் மயக்க மருந்தைப் பற்றி எழுத அமர்ந்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த நபிமொழிதான். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

மயக்க மருந்து கூடுமா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். அறிவை மறைக்கும் எதுவும் ஹராம் ஆயிற்றே, குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா என்று இன்றும் சில முதியவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் காலை வெட்டி எடுக்க நேர்ந்தபோது, அறிவை மயக்கும் பானத்தை மறுத்துவிட்ட வரலாற்றையும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது அப்பெரியார் தம் உடலின்மீது தாமே எடுத்த முடிவு. அவருடைய பொறுமைக்குச் சான்று. பிறர்மீது, அதிலும் பச்சிளம் பிள்ளைமீது சுமத்துவதற்கான சட்டம் அன்று.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றுகிற ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் மறைந்தார்கள். அழுகிப்போன கையைத் துண்டிப்பதற்காக ஒருவருடைய அறிவை நீக்க வேண்டிய தேவை ஏற்பட்டால் அது கூடுமா என்ற வினாவை ரவ்ளத்துத் தாலிபீன் நூலில் எடுத்துக்கொண்டு, கூடும் என்பதே மிகச் சரியான கருத்து என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஈதரைக் கொண்டு நோயாளியை உறங்கவைத்து அறுவை செய்ய முடியும் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மக்கள் முன்னிலையில் காட்டப்பட்டதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய தீர்ப்பு இது. ஆகவே, கூடுமா என்ற கேள்வி தீர்ந்துபோன ஒன்று. இன்று கேட்க வேண்டியது வேறு: இந்தப் பிள்ளைக்கு, இந்த உடலுக்கு, எந்த முறையில் கொடுப்பது?

ஒரு மாணவனின் வீட்டில் நடந்தது

நம் மதரஸாவின் மாலை வகுப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓதிவந்தான். வயதுக்கு மிகக் குறைந்த உயரம், குறுகிய கழுத்து, தடித்த நாக்கு, விறைத்த விரல்கள். ஆனால் நினைவாற்றலில் வகுப்பில் அவனை விஞ்ச ஆளில்லை. ஒரு சூராவை இருமுறை கேட்டால் மூன்றாம் முறை பிழையின்றி ஒப்புவிப்பான். பெருநகர் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்து, அவனுக்கு மியூகோபாலிசாக்கரிடோசிஸ் ஆறாம் வகை என்று கண்டறிந்திருந்தார்கள். 1963-இல் இந்நோயை விவரித்த பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரின் பெயரால் மரோட்டோ-லாமி சிண்ட்ரோம் என்றும் இதனை அழைப்பர். உடலின் சில மாவுப்பொருள்களைச் சிதைக்க வேண்டிய நொதி ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதுதான் காரணம். சிதையாத பொருள் எலும்பிலும் மூட்டிலும் இதய வால்விலும் தொண்டையிலும் சிறிது சிறிதாகப் படிந்துவிடுகிறது. அறிவு பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் குடலிறக்கம் ஏற்படுவது பரவலாகக் காணப்படுவது. அவனுக்கும் வந்தது. உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். சிறிய அறுவைதான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, இஷா தொழுகைக்குப் பின் அவனுடைய வாப்பா நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு படிவம். குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் பாதிப்போ மரணமோ நேர்ந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி.

“இல்லைன்னு எழுதிடலாமா ஹஜ்ரத்? குறையை மறைக்கிறது நன்மைதானே?” என்று கேட்டார்.

பிறகு மெல்லச் சொன்னார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய மூத்த மகன், நான்கு வயதில், வேறோர் ஊரில் டான்சில் அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சிறிது நேரத்தில் இறந்துவிட்டான். அந்தப் பிள்ளைக்கும் இதே முகச்சாயல், இதே குறட்டை. அப்போது நோய்க்குப் பெயர் தெரியாது. அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுமை கொண்டார்கள். அதன்பின் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இளையவனின் பரிசோதனை அறிக்கையும் அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. காரணம், வீட்டில் பத்தொன்பது வயதில் ஒரு மகள். மாமன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இரத்தத்தில் நோய் ஓடுகிற குடும்பம் என்ற பேச்சு கிளம்பினால் நிக்காஹ் நின்றுபோகும் என்று சிறுவனின் உம்மம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தத் தந்தையின் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்துத்தான். ஆனால் அங்கே பேசப்படுவது சறுக்கல்களும் பாவங்களும் ஆகும். நோய் பாவமன்று. படைத்தவன் தந்த உடலின் அமைப்பு அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலும், பிறரைப் பற்றி அவர் விரும்பாததைச் சொல்வது புறமாக இருந்தும், நியாயமான தேவைக்காக அது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தீர்ப்புக் கேட்பதும், தீங்கிலிருந்து பிறரைக் காக்க எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். ஓர் உயிரைக் காப்பதற்காக மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது அவற்றைவிடத் தகுதி குறைந்த தேவையா? மருத்துவரும் அதை ஊருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அமானிதமாகக் காக்கக் கடமைப்பட்டவர். இதைத்தான் அவரிடம் கூறினோம். அத்துடன், அந்தப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது பொய் என்பதையும், அந்தப் பொய்யின் சுமை ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சின்மீது விழும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

அவர் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். மறுநாள் காலை, அலமாரியில் கிடந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றார். நாமும் உடன் சென்றோம்.

மயக்கவியல் மருத்துவர் சொன்ன விளக்கம்

அறிக்கையைப் படித்ததும் அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர், “இந்த அறுவையை இங்கே செய்யக் கூடாது” என்றார். பின்பு எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

மயக்க மருந்து ஏறியதும் எல்லோருக்கும் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதை சுருங்கும். இயல்பான குழந்தைக்கு முகமூடியை வைத்துத் தாடையை உயர்த்தினால் காற்று போய்விடும். அல்லது வாய்வழியாகச் சுவாசக் குழாயை இறக்கிவிடலாம். இச்சிறுவனுக்கோ நாக்கு பெரிது. தொண்டை படிவுகளால் குறுகியிருக்கிறது. தாடையும் கழுத்தும் விறைத்திருப்பதால் குழாயை இறக்கும் இடமே கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். தசைகள் முழுமையாகத் தளர்ந்தபின் முகமூடியாலும் காற்றைச் செலுத்த முடியவில்லை, குழாயும் நுழையவில்லை என்றால், ஒரு சில நிமிடங்களில் மூளை ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் ஆக்சிஜனை விரைவாகச் செலவழிப்பவர்கள் என்பதால் அவகாசம் இன்னும் குறைவு. குழாய் இறக்குவதற்காகத் தலையை வழக்கம்போல் பின்னுக்கு வளைத்தால், கழுத்தெலும்பின் பலவீனத்தால் தண்டுவடமும் நசுங்கக்கூடும். குழந்தைகளின் மூச்சுப்பாதையைக் கையாள்வதில் மிகக் கடினமானவை என்று மயக்கவியல் துறையில் கருதப்படுபவற்றுள் இந்நோய் வகையும் ஒன்றாம்.

மாநகரத்தின் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே மூன்று வாரங்கள் ஏற்பாடுகள் நடந்தன. கழுத்துக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, உறக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்ற கண்காணிப்பு. அறுவை நாளன்று மூத்த மயக்கவியல் மருத்துவர்கள் இருவர் இருந்தனர். தேவைப்பட்டால் உடனே கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யக் காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர் ஒருவரும் அறைக்குள்ளேயே ஆயத்தமாக நின்றார். பிள்ளையின் சொந்த மூச்சை நிறுத்திவிடாமல் மெதுவாக உறங்கவைத்து, வளையும் கேமராக் குழாயின் துணையோடு மூன்றாம் முயற்சியில் சுவாசக் குழாயை இறக்கினார்களாம். அன்றிரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, தொண்டை வீக்கம் இல்லை என்று உறுதி செய்தபின்பே வார்டுக்கு அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பத்தாம் நாள் அவன் வகுப்புக்குத் திரும்பினான்.

மூச்சுப்பாதை கடினமானது, இன்னின்ன முறை பலனளித்தது என்று எழுதி ஒரு கடிதத்தையும் அவர்கள் பெற்றோரிடம் கொடுத்தனர். இனி எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் காட்ட வேண்டிய கடிதம் அது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கணக்கு

அதன்பிறகு இப்பொருள் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் நாம் அறிந்துகொண்டவற்றுள் சிலவற்றைப் பெற்றோர் அறிவது நலம்.

1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர்கள் டென்பரோ, லவல் இருவரும் லான்செட் இதழில் ஒரு கடிதம் வெளியிட்டனர். கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், முறிந்த காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். ஏனெனில் அவருடைய உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தனர். மருத்துவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, வேறு மருந்தை எச்சரிக்கையோடு கொடுத்தனர். அதிலும் ஆபத்தின் அறிகுறி தோன்றவே உடனே நிறுத்தினர், அவர் பிழைத்தார். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் அந்நிலையை மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்கிறார்கள். இன்று அதற்கு டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் அந்நிலையைத் தூண்டாத மயக்க மருந்துகளும் உண்டு. இத்தனைக்கும் வாசலைத் திறந்தது, தன் குடும்பத்து மரணங்களை ஓர் இளைஞர் மறைக்காமல் சொன்னதுதான்.

டூஷென் எனப்படும் தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களுக்கு, தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலின் என்ற மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென உயர்த்தி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது; கழுத்து மூட்டு தளர்ந்திருப்பதும் உண்டு. பியர் ராபின் நிலையில் சிறுத்திருக்கும் தாடை வளர வளர மூச்சுப்பாதை எளிதாகலாம்; ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோமிலோ வயது ஏற ஏறக் கடினமாகலாம். ஆகவே சென்றமுறை எளிதாக முடிந்தது என்பது இம்முறைக்கு உத்தரவாதமன்று.

நோன்பு நோற்கும் சமுதாயமாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, அறுவைக்கு முன் வயிற்றைக் காலியாக வைப்பது. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு அதைவிடக் குறைந்த நேரம் என்று சொல்வார்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. பேணுதலுக்காகக் கூடுதல் நேரம் பட்டினி போடுவது நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. கிளைக்கோஜன் சேமிப்பு நோய் போன்ற வளர்சிதைமாற்றக் குறையுள்ள குழந்தைக்குச் சில மணி நேரப் பட்டினியே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அத்தகைய பிள்ளையை முதல் அறுவையாக எடுத்துக்கொள்ளவும், குளுக்கோஸ் ஏற்றவும் மருத்துவர்கள் ஏற்பாடு செய்வார்கள். மாறாக, பிராடர்-வில்லி சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தீராப்பசி. யாரும் காணாமல் எதையாவது எடுத்துத் தின்றிருக்கக்கூடும். அப்பிள்ளை சாப்பிட்டானா இல்லையா என்பதை வீட்டார் விழிப்போடு கண்காணித்து உண்மையைச் சொல்ல வேண்டும்.

இத்தனை அரிய நோய்களையும் ஒரு மருத்துவர் மனத்தில் வைத்திருப்பது இயலாது. அதனால்தான் ஜெர்மனியின் மயக்கவியல் சங்கம் ஆர்ஃபன் அனஸ்தீசியா என்ற திட்டத்தின் வழியே, நோய்வாரியாக மயக்க மருந்து வழிகாட்டுதல்களைத் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நோயின் சரியான பெயரைப் பெற்றோர் சொன்னால்தான் மருத்துவரால் அதைத் தேடிப் படிக்க முடியும். நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையின்கீழ், தகுதியுள்ள நோயாளிகளுக்கு அதற்கென அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. இதையும் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

ஆகவே, அரிய நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் ஒரு கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், பரிசோதனை அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமைகள், முந்தைய மயக்க மருந்துக் குறிப்புகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். பிள்ளை குறட்டை விடுகிறானா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, உறவில் எவரேனும் அறுவையின்போது இறந்ததுண்டா என்பனவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அறுவை மருத்துவரிடம் மட்டுமன்றி, மயக்கவியல் மருத்துவரிடமும் முன்கூட்டியே ஒருமுறை பேச வேண்டும் என்று கேளுங்கள். இவ்வளவு ஏற்பாடு இங்கே உண்டா, தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி.

நிக்காஹ் பேச்சு என்ன ஆயிற்று?

வாசகர்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். அச்சிறுவனின் வாப்பா, மருத்துவரிடம் சொன்னதோடு நில்லாமல், மைத்துனர் வீட்டுக்கும் தாமே சென்று செய்தியைச் சொன்னார். இந்நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும். ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு நோய் இல்லை. வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தெரியாமலே போகலாம். சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவினர் ஒரே மரபணுவைச் சுமந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு இருப்பதால், இருவரும் பரிசோதித்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். உறவில் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கடமையானது அன்று. பரிசோதிப்பதும் தடுக்கப்பட்டதன்று.

மைத்துனர் வீட்டார் பரிசோதனைக்கு இசையவில்லை, சம்பந்தத்தையும் விட்டுவிட்டார்கள். ஆண்டுகள் இரண்டு ஆகின்றன. அந்தப் பெண்பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள், பட்டப்படிப்பைத் தொடர்கிறாள். உம்மம்மாவின் வருத்தம் முழுமையாகத் தீரவில்லை. உண்மை சொன்னவர்க்கு உலகில் உடனே எல்லாம் கூடிவந்துவிடும் என்று நாம் யாருக்கும் வாக்களிக்க முடியாது. “ஒரு பிள்ளையை அறியாமல் இழந்தோம் ஹஜ்ரத், இவனையும் அறிந்தே இழந்திருந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வேன்?” என்று அந்தத் தந்தை அண்மையில் நம்மிடம் கேட்டார். வேறு விளக்கம் நமக்குத் தேவைப்படவில்லை.

இதில் ஊராரின் பொறுப்பும் உண்டு, சகோதரர்களே. ஒரு குடும்பம் நோயை மறைக்கிறது என்றால், வெளியே சொன்னால் நாம் என்ன பேசுவோம் என்று அஞ்சித்தான் மறைக்கிறது. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமே. சம்பந்தம் பேசும் சபைகளிலும், திண்ணைகளிலும், பெண்கள் கூடும் மஜ்லிஸ்களிலும் நோயுள்ள பிள்ளையின் வீட்டைக் குறைத்துப் பேசும் வழக்கம் ஒழிந்தால், எத்தனையோ அறிக்கைகள் அலமாரியை விட்டு வெளியே வரும். ஜும்ஆ மேடைகளில் இதைப் பேசுமாறு இமாம்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

அரிய நோயோடு பிறந்த நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஆரோக்கியத்தை அருள்வானாக. அவர்களை உறங்கவைத்து மீண்டும் விழிக்கச்செய்யும் மருத்துவர்களின் கைகளுக்குத் துணை நிற்பானாக. உண்மையைச் சொல்லும் துணிவைப் பெற்றோருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளும் பெருந்தன்மையை நம் ஊர்களுக்கும் தருவானாக. ஆமீன்.